எரிந்த கூரையும் கடுக்காய்ச் சாறும்

ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, புனித ஜார்ஜ் கோட்டைக்குள் மாளிகை கட்டும் எண்ணத்தைக் கைவிட்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1768-இல் அவருடைய அரண்மனை சேப்பாக்கத்தில் எழுந்தது. கட்டியவர் பால் பென்ஃபீல்ட் என்கிறார்கள். பின்னாளில் நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்துப் பெரும் பணக்காரரானவரும் அவரேதான். 117 ஏக்கர் வளாகத்தில் கலச மகால், ஹுமாயூன் மகால் என இரண்டு கட்டடங்கள்.

1855-இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்தார். பட்டம் போயிற்று, அரண்மனை ஏலத்துக்கு வந்தது, அரசே எடுத்துக்கொண்டது. இரண்டு மகால்களுக்கும் நடுவில் கட்டடக் கலைஞர் சிஷோம் ஒரு கோபுரத்தை எழுப்பினார். தர்பார் நடந்த வளாகத்தில் கோப்புகள் குடியேறின. முன்னால் அரசு அலுவலகக் கட்டடமான எழிலகம் வந்தபின், அரண்மனை இருப்பதே பலருக்குத் தெரியாமல் போனது.

2012 ஜனவரி, பொங்கல் விடுமுறை. நள்ளிரவில் கலச மகால் பற்றிக்கொண்டது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

சேதம் ஏன் அவ்வளவு பெரிது என்பது மெட்ராஸ் டெரஸ் கூரையைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். தேக்கு உத்திரங்களின்மேல் சன்னமான செங்கல்லைக் குத்துவசத்தில் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியைக் கொட்டி இடித்து, தட்டோடு பதிப்பார்கள். அத்தனை பாரமும் மரத்தின் தலையில். உத்திரம் கரியானால் கூரை மொத்தமும் உள்ளே விழும். ஆனால் தடித்த சுவர்கள் நின்றன. இடித்துவிடலாம் என்ற பேச்சு அப்போதும் எழுந்தது. அது நடந்திருந்தால் இந்த நகரம் தன்னை மன்னித்துக்கொண்டிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

பொதுப்பணித் துறை புதுப்பிக்கும் வழியைத் தேர்ந்தது. சிமென்ட் பூசியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். சுவரோ சுண்ணாம்புச் சுவர். அது ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட்டை அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல்லையே அரித்துவிடும். கடற்காற்று அடிக்கும் சேப்பாக்கத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே பழைய பக்குவத்துக்கே திரும்பினார்கள். சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவிட்டு, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய சாற்றை ஊற்றிப் பிசைகிற பக்குவம் அது. அந்தப் பதத்தைக் கைவிரலால் அறியும் கொத்தனார்கள் இன்று மிகச் சிலரே.

இப்போது கலச மகாலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. தர்பார் மண்டபம் இருந்த ஹுமாயூன் மகாலுக்கு அடுத்த வாரம் போவோம்.