சாலைப் பள்ளத்தால் உயிர் போனால் பொறுப்பு யாருடையது?

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வழியாகக் காவல்கிணறு வரை நான்குவழிச்சாலைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுபட்டதை நம் மாவட்டத்தார் அறிவர். நாகர்கோவில் தெருக்களில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியதும் மறந்திருக்காது. விளக்கும் தடுப்பும் இல்லாத பள்ளத்தில் இரவில் கார் இறங்கி ஒருவர் வஃபாத்தானால், நம் வீடுகளில் முதலில் எழும் சொல் 'கத்ர்'. கத்ரை நம்புவது ஈமானைச் சேர்ந்தது. ஆனால் தோண்டியவரின் பொறுப்பை அது நீக்கிவிடாது.

பொதுவழியில் அனுமதியின்றிக் கிணறு தோண்டி, அதில் யாரேனும் விழுந்தால் ஈடு உண்டு என்பது ஃபிக்ஹ் நூல்களில் பழைய சட்டம். கிணற்றில் விழுந்தவருக்கு ஈடில்லை என்று புகாரி, முஸ்லிமில் வரும் ஹதீஸை, சொந்த நிலத்தில் தோண்டிய கிணறு போன்றவற்றுக்கே உலமாக்கள் பொருத்தினர். அரசு அனுமதி பெற்ற ஒப்பந்ததாரர்? எச்சரிக்கை வைக்காமல் விட்டால் அவரும் வரம்பு மீறியவரே என்பது நம் கருத்து.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 198ஏ பிரிவின்படி, சாலை அமைப்பு, பராமரிப்புத் தரங்களை மீறியதால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரி அமைப்பு, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: அந்தத் தொகை அரசின் விபத்து நிதிக்குப் போகிறது, குடும்பத்துக்கு அல்ல. குடும்பத்துக்கான இழப்பீட்டை 1855ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டப்படி சிவில் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். காலவரம்பு 2 ஆண்டு. அரசுத் துறை எதிர்வாதி என்றால் 2 மாத முன்னறிவிப்பும் தேவை. கவனக்குறைவு வெளிப்படையாகத் தெரியும் வழக்குகளில் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு போடலாம். மும்பை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில், பள்ளத்தால் இறப்போர் குடும்பத்துக்கு 6 லட்சம் என்று நிர்ணயித்தது. அது மஹாராஷ்டிரத்துக்கானது, எனினும் இங்கும் எடுத்துக்காட்டலாம்.

ஆனால் வழக்கு பலவீனப்படுவது முதல் நாளில்தான். ஜனாஸாவைச் சீக்கிரம் அடக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஆசாரிப்பள்ளத்தில் சில மணி நேரம் காத்திருப்பது குற்றமல்ல. அந்த அறிக்கை இல்லாமல் இழப்பீடு பெறுவது மிகக் கடினம். இன்னொன்று, முதல் தகவல் அறிக்கையில் 'ஓட்டியவர் அஜாக்கிரதை' என்று மட்டும் எழுதினால், ஓட்டியவரே இறந்திருக்கும்போது வழக்கு அத்தோடு முடிந்துவிடும். எனவே புகாரிலேயே பள்ளம், அதன் இடம், பலகையும் விளக்கும் இல்லாதது எல்லாம் வர வேண்டும். மறுநாள் மண் போட்டு மூடிவிடுவார்கள். அன்றிரவே படமும் வீடியோவும் எடுங்கள். பணி யாருக்கு, என்ன நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

காரின் இன்சூரன்ஸையும் பாருங்கள். உரிமையாளரே ஓட்டியிருந்து, தனிநபர் விபத்துக் காப்பு எடுத்திருந்தால் 15 லட்சம் உண்டு. செல்லும் லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும். காரில் பயணித்தவர்களுக்கு விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போடச் சட்டம் வைத்த வரம்பு 6 மாதம். கணவரை இழந்தவர் 4 மாதம் 10 நாள் இத்தா இருந்துவிட்டு யோசித்தால் மீதி இரண்டு மாதம்கூட இல்லை. வக்காலத்தில் வீட்டிலிருந்தே கையெழுத்திடலாம். அவசியத்துக்காகப் பகலில் வெளியே போகவும் மார்க்கத்தில் இடமுண்டு. வக்கீல் கட்டணம் இல்லையென்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவசம்.