சேற்றில் நிற்கும் நங்கூரம்

படகுக்கு நங்கூரம் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "எத்தனை கிலோ?" என்றுதான். இளகிய சேற்றில் கிலோ அவ்வளவாக உதவாது. மண்ணில் குத்திப் பிடிக்கும் அலகு எவ்வளவு அகலம், எந்தக் கோணத்தில் மண்ணுக்குள் இறங்குகிறது என்பதைக் கேட்க வேண்டும். இதைக் கடலோடிகள் கண்டுகொள்ளவே வெகுகாலம் பிடித்தது.

கையில் பச்சை குத்திக்கொள்கிறார்களே, அந்தப் பழைய நங்கூரம் பாறை இடுக்கில் நன்றாகவே பிடிக்கும். சேற்றில் போட்டாலோ, ஒடுங்கிய அலகு கூழில் விட்ட குச்சி மாதிரி இழுத்த இழுப்புக்கு வந்துவிடும். அதன் இரண்டு கைகளில் ஒன்று எப்போதும் மேலே நீட்டிக்கொண்டே இருக்கும். நீரோட்டம் திரும்பும்போது சங்கிலி அதில் சுற்றிக்கொண்டால் நங்கூரமே பிடுங்கிக்கொண்டு வரும். ஹூக்ளி ஆற்று முகத்துவாரத்தில் சாகர் தீவுக்கு வெளியே, ஆற்றுக்குள் வழிகாட்டும் பைலட்டுக்காகக் காத்துக் கிடந்த சரக்குக் கப்பல்களில் மேல்தள வேலை பார்த்தவன் நான். அங்கே ஏறக்குறைய ஆறு மணிக்கொரு தரம் ஓட்டம் திசை மாறும். நங்கூரம் இழுபடுகிறதா என்று பார்க்கச் சங்கிலியின் மேல் கையை வைப்போம். நன்றாகப் பிடித்திருந்தால் சங்கிலி விறைத்துச் சும்மா இருக்கும்; இழுபட்டால் விட்டுவிட்டு அதிரும்.

சேற்றுக்கென்றே வந்த வடிவங்களில் பழையது காளான் நங்கூரம். ஸ்காட்லாந்தில் பெல் ராக் கலங்கரை விளக்கத்தை 1807 முதல் 1810 வரை கட்டிய ராபர்ட் ஸ்டீவன்சன், அங்கே நிறுத்திய விளக்குக் கப்பலுக்கு இதைப் பயன்படுத்தினார். கவிழ்ந்த காளான்குடை மெல்ல மெல்ல வண்டலில் புதைந்து உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மிதவைக்குச் சரி, இன்று போட்டு நாளை எடுக்கும் படகுக்கு ஆகாது.

நங்கூரம் வடிவமைத்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி. ஐ. டெய்லர். 1927-இல் தன் பாய்மரப் படகில் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள் வரை போய்வந்தவர். நங்கூரத்தின் எடைக்கும் பிடிக்கும் உள்ள விகிதத்தை ஒரு கணக்காகவே எடுத்துக்கொண்டார். இருபுறமும் மண் தள்ளும் கலப்பைக் கொழுவை ஒரு தண்டில் கீலோடு பொருத்தினார். படகு பக்கவாட்டில் ஆடினாலும் தண்டுதான் அசையும், கொழு புதைந்தபடியே இருக்கும். 1933-இல் காப்புரிமை பெற்ற அந்த சி.க்யூ.ஆர். நங்கூரம், எடையைக் கூட்ட முடியாத கடல் விமானங்களுக்குப் பெரிய வரம். கணிதம் தெரிந்த ஒருவர் கயிறும் இழுத்ததால் விளைந்த பொருள் அது. ஆனாலும் மிக இளகிய சேற்றில் அதற்கு அகலம் போதாது.

அந்த அகலத்தைத் தந்தவர் அமெரிக்கர் ரிச்சர்ட் டான்ஃபோர்த். இரண்டாம் உலகப்போரில் துருப்புகளை இறக்கும் படகுகள் கரையேறுமுன் பின்புறம் நங்கூரத்தைப் போட்டுவிடும். பிறகு அதைப் பிடித்தே கடலுக்குள் தம்மை இழுத்துக்கொள்ளும். அவற்றில் இருந்தது இவருடைய தட்டை அலகு நங்கூரம். மணலுக்கு அலகு சுமார் 30 பாகை விரிந்தால் போதும். சேறு எதிர்ப்புக் காட்டாது என்பதால் 45, 50 பாகை வரை விரித்தால்தான் ஆழமாய் இறங்கும். சேற்றுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். ஒரு குறை உண்டு: ஓட்டம் திரும்பி நங்கூரம் புரளும்போது கீலில் களிமண் அடைத்துக்கொண்டால் அலகு மறுபக்கம் சாயாது, மறுபடி பிடிக்காது. தூக்கும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும்.

எந்த அலகானாலும் அதைப் பிடித்திழுக்கும் சங்கிலி வந்தது 1808 வாக்கில், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி சாமுவேல் பிரவுனின் முயற்சியால். அதுவரை சணல் வடம்தான். சங்கிலி தன் கனத்தால் தரையோடு படிந்து, இழுப்பைக் கிடைமட்டமாக வைக்கிறது. மேல்நோக்கி இழுத்தால் எந்த அலகும் சேற்றில் நிற்காது. சங்கிலியோடு, அதை நங்கூரத்தில் மாட்டும் ஷாக்கிளும் வந்தது. சோதித்துப் பார்க்காத சங்கிலியை விற்பதைத் தடுக்க 1864-இல் பிரிட்டன் சட்டமே இயற்றியது.

ஷாக்கிளில் நான் முதலில் பார்ப்பது ஆணியை. திருகாணியின் கண்ணில் கம்பியைக் கோத்து உடலோடு முறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். கட்டாவிட்டால் ஆட்டத்திலேயே கழன்றுவிடும். காற்றுப் புகாத கருஞ்சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் இரும்பைக் குழிகுழியாக அரிக்கும். அதனால் துருவைச் சுரண்டிவிட்டு, ஆணியின் கழுத்து எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள்.