வரிசையில் கடைசி ஆள்

1970களில் சிங்கப்பூரின் அஞ்சல் நிலையத்துக்கோ அரசு அலுவலகத்துக்கோ போனவர்கள் அங்கே ஒரு சுவரொட்டியைப் பார்த்திருப்பார்கள். நீளமுடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் வேலை நடக்கும் என்றது அது. எது நீளம் என்று வாக்குவாதம் வந்துவிடக் கூடாதே, அதற்குப் படமும் போட்டிருந்தார்கள். முன்முடி நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால் நீளம். காதை மூடினால் நீளம். சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால் நீளம். ஹிப்பிகளின் போதைப் பழக்கம் முடியோடு சேர்ந்து வந்துவிடும் என்பது அரசின் கவலை.

அந்தக் கவலை விமான நிலையத்திலும் காவல் நின்றது. 1972இல் லெட் செப்பலின் இசைக்குழுவின் கச்சேரி முடியால் ரத்தானது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1970 ஆகஸ்ட்டில், ஆர்ச்சர்ட் ரோட்டில் திரிந்த மூன்று நீளமுடி இளைஞர்களைப் போலீஸ் பிடித்துப்போய் விசாரித்து, முடியையும் வெட்டி அனுப்பியது. விசாரித்துப் பார்த்தால் மூவரும் மலேசியர்கள்! கோலாலம்பூரில் கொந்தளிப்பு. சிங்கப்பூர் அரசு மன்னிப்புக் கேட்டது. பிரதமர் லீ குவான் இயூவின் மலேசியப் பயணமே தள்ளிப்போனது. இரு நாடுகளின் உறவை ஒரு கத்தரிக்கோல் குலைத்த கதை உலக வரலாற்றில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

வெளியூர்க்காரர்கள் சிங்கப்பூரைக் கேலி செய்ய எடுத்துக்கொள்வது சூயிங்கம் தடையை. பெருவிரைவு ரயிலின் கதவு உணர்கருவியில் கம்மை ஒட்டிவைத்து ரயிலையே நிறுத்துகிறார்கள் என்று 1992 ஜனவரியில் அதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்தார்கள். அமெரிக்காவுடன் வர்த்தக ஒப்பந்தம் வந்ததும் 2004இல் மருந்துக் கம்முக்கு மட்டும் கதவு திறந்தது. என் கணக்கில் அது சில்லறைச் செய்தி. கம் இல்லாமல் ஒரு மனிதனின் வாழ்க்கை மாறிவிடாது.

நாம் பார்க்க வேண்டியது அந்த அஞ்சல் நிலையச் சுவரொட்டியின் சூட்சுமத்தை. அதில் சிறை இல்லை, அபராதம் இல்லை. முடி உங்களுடையது, வளர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவர் வேலையை முடித்துக்கொண்டு போவார், அவ்வளவுதான். வரிசையை மாற்றி அடுக்குவது ஒன்றே போதும் என்று கண்டுபிடித்த அரசு, அதே கருவியை முடியிலிருந்து கருப்பைக்கும் படுக்கையறைக்கும் கொண்டுபோயிற்று. அந்தக் கதையைச் சொல்லத் தோதான இடம் புக்கிட் மேரா. சிங்கப்பூரின் மிக நீண்ட வரிசையை நிர்வகித்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், அதாவது வீவகவின், தலைமையகம் 2002இல் தோ பாயோவுக்கு மாறும்வரை ஜாலான் புக்கிட் மேராவில்தான் இருந்தது.

1961 மே 25. ஹஜ்ஜுப் பெருநாள். இன்றைய புக்கிட் மேரா வட்டாரத்தில் அடங்கும் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில், அதாவது கிராமத்தில், தீ பிடித்தது. பலகையும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக நெருக்கியடித்த குடிசைகள். ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். வீவக பிறந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. ஆனாலும் ஒரு வருடத்துக்குள் அந்தச் சாம்பல்மேட்டில் அடுக்குமாடிகள் எழுந்து, மக்கள் குடியேறத் தொடங்கிவிட்டார்கள். தண்ணீர்க் குழாய், மின்விளக்கு, கழிவறை எல்லாம் வீட்டுக்குள்ளேயே. இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னால் அது நியாயமாகாது. எரிந்த குடிசையிலிருந்து வந்தவருக்கு அந்தச் சாவி எப்பேர்ப்பட்ட சொத்து! அந்தச் சாவியைக் கொடுப்பவர் கையில் சேர்ந்த அதிகாரமும் அதே அளவு பெரியது.

அந்த அதிகாரத்தை அரசு முதலில் காட்டியது குழந்தைப் பேற்றில். லிட்டில் இந்தியாவை ஒட்டியிருக்கும் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் இத்தனை பிரசவமா என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. அரசுக்கோ பயம் பிடித்தது. அதே ஆண்டில் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1972இல் இரண்டோடு நிறுத்துங்கள் என்ற பிரசாரம். ஆணோ பெண்ணோ, இரண்டு போதும் என்று ஊரெங்கும் சுவரொட்டி.

பிரசாரம் மட்டும் என்றால் இந்தக் கட்டுரையில் இதற்கு இடமில்லை. மூன்றாவது குழந்தை பெற்றவளுக்குச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு கிடையாது. அரசு மருத்துவமனையில் பிரசவக் கட்டணம் ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறிக்கொண்டே போகும். கருத்தடை அறுவை செய்துகொண்டால் விலக்கு. தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் கருத்தடை செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளைக்கு முன்னுரிமை. வீடு வாங்கும் வரிசையில் பெரிய குடும்பத்துக்கு இருந்த முன்னுரிமையும் போயிற்று. முகப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அலுவலர் யாரையும் மிரட்டவில்லை. படிவத்தில் ஒரு கட்டம், அதில் பிள்ளைகளின் எண்ணிக்கை. மீதியை வரிசை பார்த்துக்கொண்டது.

அதே காலத்தில் இந்தியாவில் நெருக்கடிநிலை. லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் அறுவை செய்த கதைகளை வட இந்தியா இன்றும் மறக்கவில்லை. 1977 தேர்தலில் ஆட்சியாளர்கள் அதற்கு விலையும் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் லாரி வரவில்லை, ரத்தம் சிந்தவில்லை. அதனாலேயே வெளியில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவும் இல்லை.

சரி, பலன் கிடைத்ததல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1965இல் 4.66. 1970இலேயே அது 3.07க்கு இறங்கிவிட்டது. தண்டனைப் பட்டியல் நீண்டது அதற்குப் பிறகுதான். பெண்கள் படிக்கப் போனார்கள், தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்கள், மருந்தகங்களில் மாத்திரை கிடைத்தது; தாங்களாகவே முடிவு செய்துகொண்டிருந்தவர்களை அரசு கழுத்தில் கைவைத்துத் தள்ளியது என்பதே என் தீர்ப்பு.

இங்கே ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. புக்கிட் மேரா என்றால் செங்குன்று. முன்னொரு காலத்தில் சிங்கப்பூரின் கரையை வாள்மீன்கள் தாக்கினவாம். வாழைத்தண்டுகளால் அரண் போடுங்கள் என்று யோசனை சொல்லி ஊரைக் காப்பாற்றினான் ஒரு சிறுவன். இவ்வளவு அறிவுள்ளவன் வளர்ந்தால் ஆபத்து என்று அரசன் அவனைக் கொன்றுவிட, அவன் ரத்தத்தால் குன்று சிவந்தது என்பார்கள். அறிவாளிப் பிள்ளைக்கு அரசன் அஞ்சிய அதே தீவில், அறிவாளிப் பிள்ளைகள் போதவில்லையே என்று 1983இல் ஒரு பிரதமர் அஞ்சினார்.

அந்த ஆண்டுத் தேசிய தினப் பேரணியில் லீ குவான் இயூ பேசியது இதைத்தான்: பட்டதாரிப் பெண்கள் மணமாகாமலும் பிள்ளை பெறாமலும் இருக்கிறார்கள், படிக்காதவர்களோ நிறையப் பெறுகிறார்கள், அறிவு மரபணுவில் வருவது, நாடு என்னாகும்? 1984இல் திட்டம் வந்தது. மூன்று குழந்தை பெற்ற பட்டதாரித் தாயின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் முன்னிடம். படிப்பும் வருமானமும் குறைந்த, 30 வயதுக்குட்பட்ட தாய், ஒன்றிரண்டு குழந்தைகளோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 சிங்கப்பூர் வெள்ளி. அந்தப் பணம் மத்திய சேமநிதிக் கணக்கில் போடப்படும், வீடு வாங்க உதவும். ஒருத்தி மூன்றாவது குழந்தை பெற்றால் பரிசு, இன்னொருத்தி பெறாமலிருந்தால் பரிசு! பட்டதாரிகளுக்கு ஜோடி தேடித்தர அரசே ஒரு பிரிவையும் திறந்தது. தரகர் வேலைக்கு அரசு ஊழியர்.

வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுபவர்கள் வாக்குச்சாவடி வரிசையில் என்ன செய்வார்கள் என்பதற்கு முன்பே ஓர் அறிகுறி தெரிந்திருந்தது. புக்கிட் மேராவுக்குப் பக்கத்துத் தொகுதியான ஆன்சனில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பை இடிக்க ஆணை வந்தது. மாற்று வீட்டுக்கு முன்னுரிமை கிடைக்கவில்லை என்று குடும்பங்கள் குமுறின. 1981 அக்டோபர் இடைத்தேர்தலில் யாழ்ப்பாணத்தில் பிறந்த வழக்கறிஞர் ஜே.பி. ஜெயரத்தினம் 653 வாக்கு வித்தியாசத்தில் அங்கே வென்று, ஆளுங்கட்சி மட்டுமே இருந்த நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 1984 டிசம்பர் பொதுத்தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சியின் வாக்கு 77.7 விழுக்காட்டிலிருந்து 64.8க்கு விழுந்தது. மறு ஆண்டே பட்டதாரித் தாய்த் திட்டம் கைவிடப்பட்டது. 1987இல் பிரசாரமே தலைகீழானது: முடிந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள்! அதற்குப் பிறகு ரொக்க ஊக்கத்தொகை, வரிச்சலுகை எல்லாம் வந்தாயிற்று. 2023இல் சராசரி 0.97.

வரிசையோ போகவில்லை. 1989 மார்ச்சில் வீவக வீடுகளுக்கு இன விகிதம் வந்தது. கொண்டுவந்தவர் தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன், தமிழர். ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 13 வரை இருக்கலாம். இந்தியர் வரம்பு 2010இல் 15 ஆனது. இனவாரிச் சேரிகள் முளைக்கக் கூடாது என்ற நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1964 கலவரங்களைக் கண்ட ஊர் அது. ஆனால் சுமை எல்லார் தோளிலும் ஒன்றுபோல் விழவில்லை. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே வீடு விற்கும் தமிழர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. நாட்டில் நால்வரில் மூவர் சீனர் என்னும்போது, எஞ்சியவர்கள் சொல்லும் விலைக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். இந்த நட்டத்தை ஒப்புக்கொண்டு, விற்கவே முடியாமல் தவிப்பவர்களின் வீட்டைத் தானே வாங்கிக்கொள்ள வீவக முன்வந்தது 2022இல். முப்பத்து மூன்று வருடம் கழித்து.

பூனைக்கும் ஒரு விதி இருந்தது. அனுமதி பெற்ற சிறு ரக நாய் ஒன்றை வளர்க்கலாம், பூனை கூடாது. முப்பது வருடத்துக்கும் மேலாக வீவக வீடுகளில் பூனைகள் கள்ளக்குடியேறிகளாகவே வாழ்ந்தன. 2024 செப்டம்பர் முதல் வீட்டுக்கு இரண்டு பூனை சட்டப்படி இருக்கலாம்.

பூனையைவிட அதிகம் காத்திருந்தவர்கள் மணமாகாதவர்கள். குடும்பம் என்று ஒன்றைக் காட்டினால்தான் வீவக வீடு. 1991இல்தான் 35 வயது கடந்த ஒற்றை ஆட்கள் மறுவிற்பனை வீடு வாங்க வழி பிறந்தது, அதுவும் நகரின் மையத்துக்கு வெளியே, மூன்றறைக்கு மிகாமல். பின்னர் இடக் கட்டுப்பாடு தளர்ந்தது. 2013இல் புதிய ஈரறை வீட்டுக்கு விண்ணப்பிக்க விட்டார்கள், ஆனால் புக்கிட் மேரா போன்ற முதிர்ந்த பேட்டைகளில் அல்ல. அந்தத் தடையும் 2024 அக்டோபரில் நீங்கியது. இன்று புக்கிட் மேராவில் கட்டப்படும் புதிய ஈரறை வீட்டுக்கு மணமாகாத ஒருவர் தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு மட்டும் 1991இல் இருந்த அதே 35.