மண்ணுக்குள் ஒரு வங்கி

அயர்லாந்துக் கதைகளில் லெப்ரகான் என்றொரு குள்ளன் வருவான். வானவில்லின் அடியில் தங்கக் காசுப் பானையை ஒளித்து வைத்திருப்பான். யார் கைக்கும் சிக்க மாட்டான். நம்மூர்க் கதைகளில் அந்தக் காவல் வேலையைப் பூதமும் நாகமும் பார்க்கின்றன.

ஏன் ஊருக்கு ஊர் இந்தக் கதை? வங்கி இல்லாத காலத்தில் மண்தான் வங்கி, பானைதான் லாக்கர். படையெடுப்பு, கொள்ளை என்று எது வந்தாலும் புதைத்துவிட்டு ஓட வேண்டியதுதான். பூதக் கதை அந்த லாக்கருக்குப் போட்ட பூட்டு. புதைத்தவர் திரும்பி வராவிட்டால்? டெபாசிட் அப்படியே தங்கிவிடும்!

இதெல்லாம் வெறும் கதையும் இல்லை. 1868ல் அயர்லாந்தின் ஆர்டாவில் உருளைக்கிழங்கு தோண்டியவர்களுக்குப் பழங்கால வெள்ளிக் கிண்ணம் கிடைத்தது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அதே டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியின்போது, கருவறைப் படிக்கல்லுக்கு அடியில் அரை கிலோவுக்கு மேல் தங்கம்!

அங்கேதான் தகராறு. கோயில் நகை கோயிலிலேயே இருக்கட்டும் என்றது ஊர். அதிகாரிகள் கருவூலத்துக்குக் கொண்டுபோனார்கள்.

புதையலுக்கென்றே 1878ல் போட்ட சட்டம் ஒன்று உண்டு. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். யாரும் உரிமை நிரூபிக்காமல், அரசும் எடுத்துக்கொள்ளாவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

ஆனால் ராத்திரியில் மண்வெட்டியோடு கிளம்புகிறவர்கள் சட்டமா பார்க்கிறார்கள்? காஞ்சிபுரம் வட்டாரத்தில் பழைய ஈமக் கல்வட்டங்கள் உண்டு. உள்ளே இருப்பது பெரும்பாலும் எலும்பும் பானையும் இரும்பும்தான். தங்கத்தைத் தேடிக் கலைத்தால் அதுவும் போச்சு.

2022ல் ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை ஒரு மேட்டைத் தோண்டியது. தங்க நகையும் கிடைத்தது. ஆனால் பெரிய செய்தி அதுவல்ல. கூடவே கிடைத்த கற்கருவிகளும், ரோமானிய வாணிபத்தைச் சொல்லும் ஆம்போரா சாடி ஓடுகளும்தான். எந்தப் பொருள் எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைக் கணிக்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைக்கும் மனைக்கும் நிலம் சமன்செய்யப்படும் பகுதி இது. புதையல் வேட்டைக்காரரின் மண்வெட்டி ஒரு குழியைத்தான் கலைக்கும். ஜேசிபி ஒரு மேட்டையே கலைத்துவிடும். மண் அடுக்குதான் அந்தப் பழைய வங்கியின் பாஸ்புக். அதைக் கிழித்துவிட்டால், கையில் இருக்கும் தங்கம் யாருடையது, எந்தக் காலத்தது என்று சொல்ல எந்தப் பூதமும் வராது.