அஸ்த்ரா ஒலெ

அஸ்த்ரா ஒலெ என்பது மூன்று பாத்திரங்களை ஒரே நெருப்பில் சூடாக்கும் விறகடுப்பு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1980களில் இது உருவாக்கப்பட்டது. மின்வேதியியலாளர் அமுல்ய ரெட்டி 1974-இல் அங்கே தொடங்கிய ஊரகத் தொழில்நுட்பப் பிரிவின் ஆங்கிலச் சுருக்கம் 'அஸ்த்ரா'. 'ஒலெ' என்றால் கன்னடத்தில் அடுப்பு. தும்கூர் மாவட்டத்து உங்கரா கிராமத்தில் இப்பிரிவின் களமையம் இயங்கியது. மூடிய விறகறை, அதன் அடியில் கம்பித்தட்டு, தீயைப் பாத்திரத்தை நோக்கி உயர்த்தும் தடுப்பு மேடு, கடைசியில் புகைபோக்கி ஆகியவை இவ்வடுப்பின் முதன்மை உறுப்புகள். கூரைக்கு மேலே தெரிவது புகைபோக்கி ஒன்றுதான் என்பதால், அதை வைத்துவிட்டாலே அடுப்பு திருந்திவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. காற்று எவ்வளவு, எந்த வழியாக நுழைகிறது, சூடு எந்த வழியாக வெளியேறுகிறது என்ற இரண்டுமே அடுப்பின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. இவை ஒழுங்காகாத அடுப்பில் புகைபோக்கி விறகைத் தின்னும் வாயாகிவிடும்.

கணப்பு

புகைபோக்கி மட்டும் போதாது என்பதற்குச் சான்று பெங்களூரிலேயே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்நகரின் கன்டோன்மென்ட் பகுதியில், ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்களில் சுவரோடு சேர்த்துக் கணப்பு கட்டினார்கள். இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை செல்சியஸ். அது 1884 சனவரியில் பதிவானது. மற்றபடி கடுங்குளிர் இல்லாத ஊர் இது. கணப்பின் வாய் முழுவதும் திறந்திருப்பதால், எரியத் தேவையானதைவிடப் பல மடங்கு காற்றைப் புகைபோக்கி இழுக்கிறது. அறையில் ஏற்கெனவே சூடாகியிருந்த காற்றும் அதனுடன் போய்விட, கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்று அந்த இடத்தை நிரப்புகிறது. நெருப்பின் நேர்க்கதிர் மட்டும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் படும். முதுகு குளிர்ந்தே கிடக்கும். விறகின் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இவ்வாறு அறைக்குக் கிடைக்கிறது. ரம்ஃபோர்டு பிரபு 1796-இல் இதற்குச் சொன்ன தீர்வு, கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் தொண்டையை ஒடுக்குவது. புகைபோக்கிக்குள் வைக்கும் 'டேம்பர்' என்னும் தடுப்புத் தகடும் இழுவையை அடக்கவே பயன்படுகிறது. புகை அறைக்குள் வராமலிருப்பது ஒரு நன்மை, சூடு அறையில் தங்குவது வேறொரு நன்மை; முதலாவது கிடைத்துவிட்டால் இரண்டாவதும் தானாகக் கிடைத்துவிடாது.

அடுப்பின் உறுப்புகள்

நாட்டடுப்பின் சிக்கல் வேறு வகை. மூன்று குமிழ்களின் மேல் பாத்திரம் நிற்க, அந்த இடைவெளிகளில் தீ நாக்குகள் வெளியே சீறும். அவற்றின் சூட்டில் பெரும்பகுதி சமையலறைக் காற்றுக்கே போகும். பக்கத்தில் ஒரு துளையிட்டுக் கொடியடுப்பு வைத்த நம் முன்னோர், அப்படி வீணாகும் சூட்டைத்தான் இரண்டாவது பாத்திரத்துக்குத் திருப்பினார்கள். கரி போடும் குமுட்டி அடுப்பில் கம்பித்தட்டு உண்டு. கங்கு மேலே நிற்கும், சாம்பல் கீழே விழும், காற்று அடியிலிருந்து ஏறும். அஸ்த்ரா ஒலெயில் இவ்விரு உத்திகளையும் சேர்த்தே காணலாம். விறகைச் சிறு துண்டுகளாக்கி உள்ளே போட்டு வாயை மூடிவிட்டால், காற்று பெரும்பாலும் தட்டின் அடியிலிருந்துதான் வரமுடியும். இந்த ஏற்பாட்டுக்கு விறகின் இயல்பே காரணம். உலர்ந்த விறகின் எடையில் முக்கால் பங்கு சூடுபட்டதும் வாயுவாகப் பிரிந்துவிடும், எஞ்சுவது கரி. கரி எரிய அடிக்காற்று வேண்டும். வாயு எரிய மேலே போதிய காற்றும் உயர்ந்த சூடும் வேண்டும். காற்று குறைந்தால் வாயு எரியாமல் புகையாகும்; மிகுந்தால் தீ குளிர்ந்துபோகும். எரிந்த வாயு தடுப்பு மேட்டில் ஏறிப் பாத்திரத்தின் அடியை உரசி, இரண்டாம் பாத்திரத்துக்கும் மூன்றாம் பாத்திரத்துக்கும் சூட்டைக் கொடுத்துவிட்டுக் கடைசியாகப் புகைபோக்கியை அடைகிறது. அதற்குள் அது மிகவும் ஆறிவிட்டாலும் இழுவை குறையும், உட்சுவரில் கீல் படியும். ஆகவே புகைபோக்கியின் உயரமும் விட்டமும் விறகறையின் அளவோடு பொருந்தவேண்டும்.

வெந்நீர்க் கணக்கு

பெங்களூரில் வீட்டுச் சூடு என்றால் பெரும்பாலும் குளிக்கும் வெந்நீர்தான். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 22 பாகையிலிருந்து 42 பாகைக்கு ஏற்ற, சுமார் 1.7 மெகாஜூல் வெப்பம் தேவை. காய்ந்த விறகு ஒரு கிலோவில் 16 மெகாஜூல் இருப்பதாகக் கொண்டால், 10 விழுக்காடு திறனுள்ள அடுப்புக்கு ஒரு கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். 30 விழுக்காடு திறனுள்ளதற்கு 350 கிராம் போதும். இரண்டுக்கும் மேலே ஒரே உயரப் புகைபோக்கி இருக்கலாம். வேறுபாடு முழுவதும் உள்ளமைப்பில்தான். நகரத்தில் இந்தத் தேவையைக் கீசர் மின்சாரத்தால் நிறைவேற்றுகிறது. பெங்களூரு மின்விநியோகப் பகுதியில் 2007-இல் புதிய கட்டடங்களுக்குச் சூரிய வெந்நீர்க் கலம் கட்டாயமாக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் காலை நேர மின்சுமைதான்.

மறுப்புகள்

ஆய்வகத் திறன் வீட்டுக்கு வந்ததும் நிலைப்பதில்லை என்பது முதல் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. 1950களில் ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். 1983-இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002 வரை நடந்தது. பின்னர் ஒடிசாவில் ஹன்னா, டஃப்லோ, கிரீன்ஸ்டோன் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் நான்கு ஆண்டுகள் வரை குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். புகைபோக்கி வைத்த அடுப்புகளால் முதலாண்டில் மட்டும் சுவாசிக்கும் புகை குறைந்தது. அடுப்பைச் சரிவரப் பயன்படுத்துவதும் பழுதுபார்ப்பதும் நின்றுபோனதால் அந்தப் பலன் நீடிக்கவில்லை. புகைபோக்கி தனியே ஒன்றும் செய்வதில்லை என்ற கருத்தை இது வலுப்படுத்தவே செய்கிறது. புகைபோக்கியில் புகைக்கரி அடைத்தால் இழுவை போச்சு. துளைக்குப் பொருந்தாத பாத்திரத்தை வைத்தால் இடுக்கு வழியே புகை திரும்பிவிடும். ஆகவே, விறகு வெட்டும் நேரமும், வீட்டில் இருக்கும் பாத்திரங்களின் அளவும், புகைபோக்கியைத் துடைக்கும் வேலையும் வடிவமைப்பின் பகுதிகளே. அவற்றைச் சமைப்பவரின் பொறுப்பு என்று தள்ளிவிட்ட அடுப்பு, ஆய்வகத்தில் எத்தனை மதிப்பெண் பெற்றாலும் குறைபட்ட அடுப்புதான்.

எரிவாயு வந்தபின் இந்த ஆராய்ச்சி எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. சமையலறைப் புகைக்கு எரிவாயு நல்ல தீர்வு என்பதில் ஐயமில்லை. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் இணைப்புகளை ஏழை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. ஆனால் இணைப்பு இருந்தும், நிரப்பும் செலவுக்கு அஞ்சி வெந்நீருக்கும் மாட்டுத்தீவனம் வேகவைக்கவும் விறகையே எரிக்கும் வீடுகள் உண்டு. அந்த நெருப்பின் புகையும் அதே மூச்சுக்குத்தான் போகிறது. 2013-இல் திருத்தப்பட்ட இந்தியத் தர நிர்ணயம், கையில் எடுத்துச்செல்லும் விறகடுப்புக்கு இயற்கை இழுவையில் 25 விழுக்காடும், விசிறி வைத்ததற்கு 35 விழுக்காடும் குறைந்தபட்சத் திறனாக வகுத்து, கார்பன் மோனாக்சைடுக்கும் நுண்துகளுக்கும் தனி வரம்பு விதித்தது. சூட்டையும் புகையையும் தனித்தனியே அளக்கவேண்டும் என்பதை இத்தரம் ஏற்றிருக்கிறது. அடுப்பு வாங்குபவரும் கட்டித்தரும் கொத்தனாரும் அரசும் இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் கேட்கவேண்டும்: ஓராண்டு கழித்தும் சமைப்பவர் அந்த அடுப்பைத்தான் பற்றவைக்கிறாரா?