மேடையிலிருந்து ஆல்பம் வரை: தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினால் கூட்டேரிப்பட்டு வருவதற்குள் நாலு பாட்டாவது ஓடிவிடும். நாலும் சினிமாப் பாட்டாகத்தான் இருக்கும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் டேப் ரிக்கார்டர், அப்புறம் சிடி, இப்போது பென் டிரைவ். கருவி மாறியதே தவிர பாட்டு எங்கிருந்து வரவேண்டும் என்பது மாறவில்லை. 1931இல் ‘காளிதாஸ்’ வந்ததிலிருந்தே தமிழ்நாட்டில் பாட்டுக்கு ஒரே பெரிய முதலாளி சினிமாதான். அதற்கு வெளியே நின்று ஒரு இசைக்குழு தன் முதல் ஆல்பத்தைப் போடுவது என்றால் லேசுப்பட்ட காரியமா? 2017 கடைசியில் சென்னையில் அப்படி ஒன்று ஆரம்பித்தது. அதன் கதை இது.

ஒரு ராக் குழு எப்படி உருவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். நாலு நண்பர்கள், ஒரு வீட்டு மாடி, இரண்டு கிதார், ஒரு டிரம்ஸ், பக்கத்து வீட்டுக்காரரின் புகார் :-). கல்லூரி விழாக்களில் வாசித்து, கொஞ்சம் பெயர் வந்ததும் கையிலிருக்கும் காசைப் போட்டுப் பதிவு செய்வார்கள். சென்னையிலும் இது இருந்தது. ஐஐடியின் சாரங், கிறிஸ்தவக் கல்லூரியின் டீப் வுட்ஸ், அடையாறு அன்வைண்ட் சென்டர் என்று ஒரு வட்டம். பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டு, கிதார் வாங்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே ஊரின் வடக்கே இன்னொரு இசை இருந்தது, இந்த வட்டத்துக்கு அது காதில் விழவே இல்லை.

கானாவைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். சரிதான். வட சென்னையில் ஒருவர் இறந்தால் ராத்திரி முழுக்கப் பந்தலில் உட்கார்ந்து பாடுவார்கள். இறந்தவர் எப்படி வாழ்ந்தார், யாருக்கு என்ன செய்தார் எல்லாம் பாட்டில் வரும். டோலக், சட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மேஜையே போதும். விடிந்ததும் உடலோடு சேர்த்துப் பாட்டும் போய்விடும். யாரும் எழுதிவைப்பதில்லை. பாடியவர் பெயரும் அந்தத் தெருவைத் தாண்டாது.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் கிராமபோன் கம்பெனிக்காக முதல் பெரிய ஒலிப்பதிவு நடந்தது 1902இல், கல்கத்தாவில். ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் வந்து கௌஹர் ஜான் உள்ளிட்டோரைப் பதிவு செய்தார். அதற்குப் பிறகு யாரைப் பதிவு செய்வது என்பதைத் தீர்மானித்தது ரசனை மட்டும் அல்ல, தட்டு வாங்கக் கையில் காசு உள்ளவர் யார் என்பதும்தான். அமெரிக்காவிலும் இதே கதை. 1920இல் ஓக்கே கம்பெனி மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பெண்ணின் ப்ளூஸ் பாட்டைப் பதிவு செய்தது. எதிர்பாராத விற்பனை. கறுப்பின மக்களும் தட்டு வாங்குவார்கள் என்று அன்றைக்குத்தான் கம்பெனிகளுக்கு ‘ஞானோதயம்’ வந்தது. உடனே அவர்களுக்கென்றே தனி வரிசைகள் வெளியிட்டார்கள். அந்தத் தட்டுகள் வந்திருக்காவிட்டால் பிற்காலத்து ராக் இசை இப்போதிருக்கும் உருவத்தில் இருந்திருக்காது.

நம் ஊரில் கானாவுக்கு அப்படி ஒரு கம்பெனி வரவில்லை. மலிவு கேசட் வந்த பிறகு கொஞ்சம் பரவியது. சினிமா அவ்வப்போது எடுத்துக்கொண்டது. 1968இல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் மனோரமா மெட்ராஸ் பாஷையில் பாடினார். தொண்ணூறுகளில் தேவா கானா மெட்டுகளை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். 2006இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் பாடிய மீன் கல்யாணப் பாட்டு தெரியாதவர் உண்டா? ஆனால் பாட்டு பெரும்பாலும் குடித்துவிட்டு ஆடும் இடத்திலோ சிரிப்புக்கோதான் வந்தது. சாவு வீட்டில் அழுதுகொண்டே பாடுகிற பாட்டு திரையில் வேறு ஆளாகிவிட்டது.

இயக்குநர் பா. இரஞ்சித் தன் முதல் படமான ‘அட்டகத்தி’யிலேயே (2012) கானா பாலாவைப் பாட வைத்தவர். அவருடைய நீலம் பண்பாட்டு மையமும், ‘மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்’ நடத்திவந்த இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்துதான் இந்தக் குழுவை அமைத்தார்கள். அதாவது வழக்கமான கதை இங்கே தலைகீழ். குழு கம்பெனியைத் தேடவில்லை, அமைப்பு கலைஞர்களைத் தேடிப் போனது. கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, சட்டி, கட்ட மோளம் அடிப்பவர்கள், கிதார், டிரம்ஸ் வாசிப்பவர்கள் என்று ஏறக்குறைய இருபது பேர். அரக்கோணத்துக்காரரான அறிவு இருந்தார். ஆண்கள் நிறைந்த கானா உலகத்திலிருந்து இசைவாணி வந்தார், ஆரம்பத்தில் குழுவில் ஒரே பெண் பாடகர்.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களை ‘சாதிபேதமற்ற’வர்கள் என்று பதிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அரசாங்கம் ஒரு பெயரை எழுதிவைத்திருக்கும்போது, இல்லை, எங்கள் பெயர் இது என்று சொல்வதற்கு அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்தச் சொல்லை 126 வருஷம் கழித்து ஒரு இசைக்குழு எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. எந்தப் பேரேட்டில் யார் பெயர் ஏறுகிறது என்பதுதான் அன்றைக்கும் பிரச்சினை, இன்றைக்கும்.

சேர்ந்து வாசிப்பதில் உள்ள சிக்கலையும் சொல்ல வேண்டும். கிதாருக்குச் சுருதி நிலையானது. பறையோ தோல், தீயில் காய்ச்சினால் விறைக்கும், ஈரம் பட்டால் தொய்யும். ஏசி போட்ட ஒலிப்பதிவுக் கூடத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒவ்வொரு கருவியாக ‘டிக் டிக்’ சத்தத்துக்கு ஏற்ப வாசித்துப் பதிவு செய்வது இன்றைய முறை. கானா பாடகரோ தாளமே இல்லாமல் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, தான் நினைத்த நேரத்தில்தான் தாளத்துக்குள் இறங்குவார். ராப் பாடகருக்கு அரை மாத்திரை தப்பினாலும் போச்சு. இந்த மூன்று பேரையும் ஒரே பாட்டில் உட்கார வைப்பது, மூன்று கம்பெனியின் கணக்கை ஒரே பேலன்ஸ் ஷீட்டில் கொண்டுவருவது மாதிரி. டேலி ஆகவே ஆகாது என்று தோன்றும், ஆனால் ஆனது!

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின்ஸ் பள்ளி மைதானம். முதல் மேடை. கோட்டு சூட்டில் வந்து நின்றார்கள். அம்பேத்கர் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த உடைக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. ஆயிரக்கணக்கில் கூட்டம். இட ஒதுக்கீடு பற்றி, மாட்டுக்கறி பற்றி, வட சென்னை பற்றிப் பாடினார்கள். கட்டுரையாக எழுதினால் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடும் விஷயங்கள் இவை. அன்றைக்கு ஜனம் எழுந்து ஆடியது. கேலி கலந்த கானாவின் குணமே அதுதான், அடிப்பதும் தெரியாது, வலி மட்டும் அப்புறமாக வரும்.

முதல் ஆல்பத்துக்கு வைத்த பெயர் ‘மகிழ்ச்சி’. ‘கபாலி’ (2016) பார்த்தவர்களுக்கு ரஜினி அந்தச் சொல்லை எப்படிச் சொல்வார் என்று ஞாபகம் வரும். சோகத்தின் பெயரை வைத்திருந்தால் எல்லோரும் பாவப்பட்டுக் கேட்டிருப்பார்கள். அதை இவர்கள் விரும்பவில்லை போலிருக்கிறது. நல்ல முடிவு. குறையே இல்லையா என்றால், இருக்கிறது. இருபது பேர் மேடையில் கிளப்பும் சூடு ஹெட்போனில் அப்படியே வருவதில்லை. சில இடங்களில் கிதார் முன்னால் வந்து சட்டியை அமுக்கிவிடுகிறது. கட்ட மோளத்தை நேரில் கேட்டவர்கள் ஏமாறக்கூடும்.

ஆனாலும் பதிவு பதிவுதான். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி பெயர் வந்தது. அறிவு 2019இல் ‘தெருக்குரல்’ ஆல்பத்தைத் தந்தார், 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகம் சுற்றியது. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அந்தப் பாட்டைக் குறிப்பிட்டுப் போட்ட அட்டையில் அறிவு மட்டும் இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. பாட்டு ஏறினாலும் பெயர் ஏற இன்னொரு சண்டை போடவேண்டியிருந்தது.

சபரிமலையில் பெண்கள் நுழைவு பற்றி இசைவாணி 2018இல் பாடிய பாட்டு, 2024 நவம்பரில் திடீரென்று மறுபடி கிளம்பியது. புகார்கள், மிரட்டல்கள். அது 2018இலேயே பாடப்பட்ட பாட்டு என்றும் பெண்களின் உரிமையைத்தான் பேசுகிறது என்றும் நீலம் அறிக்கை விட்டது. சாவுப் பந்தலில் பாடியிருந்தால் விடிகாலையிலேயே காற்றோடு போயிருக்கும் பாட்டு, ஆறு வருஷம் கழித்தும் ஒரு பெண்ணைத் தேடி வீட்டுக்கு வந்தது.