கருவும் மரபும்: ஒரு சொல்வரலாறு

கருவுயிர்த்தலைக் குறிக்கத் தமிழில் சொல்வளம் மிகுதி. சூல், கரு, வயா, மசக்கை, ஈற்று, பேறு எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் சூல் என்பது மகளிர்க்கு மட்டும் உரியதன்று. மேகம் சூல் கொள்ளும்; நெற்பயிர் சூல் கொள்ளும்; சங்கும் சூல் கொள்ளும். ஓருயிர் மற்றோருயிரைத் தாங்கும் நிலையை இயற்கை முழுமைக்கும் பொதுவாகக் கண்ட பார்வை அது. புலவர் பாட்டிலும், சித்த மருத்துவர் ஏட்டிலும், ஊர் மருத்துவச்சியின் நாவிலும் இச்சொற்கள் வாழ்ந்தன. உடலை அறுத்துக் கண்டறிந்த மேலைநாட்டு மருத்துவ அறிவோடு அவை கலந்தது 19ஆம் நூற்றாண்டிலாகும்.

சென்னையும் மானிப்பாயும்

சென்னையில் 1844ஆம் ஆண்டு மகப்பேற்று மருத்துவமனை ஒன்று நிறுவப்பெற்றது. இன்று எழும்பூரில் விளங்கும் மகளிர் மருத்துவமனையின் தொடக்கம் அதுவே. ஆயினும் அக்காலப் பேறுகளில் மிகப்பல வீடுகளிலேயே நிகழ்ந்தன. தாயின் உயிரும் சேயின் உயிரும் மருத்துவச்சியின் கையில் இருந்தன. அவள் அறிந்த மொழியில் நூல் வேண்டும் என்பதை உணர்ந்தோருள் ஒருவர் எட்வர்டு பால்பர். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் இவர். கான்குவெஸ்ட் என்பார் எழுதிய மகப்பேற்று நூலை இந்துஸ்தானியில் தாமே பெயர்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் பிறரைக் கொண்டு பெயர்ப்பித்துத் தம் செலவிலேயே அச்சிட்டார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் கதவு மகளிர்க்குத் திறந்ததிலும் அவர் பங்கு உண்டு.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் மற்றொரு முயற்சி நடந்தது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். ஆங்கிலத்தில் பயின்ற மாணாக்கர் அரசுப் பணியை நாடி ஊரை விட்டு அகல்வதைக் கண்ட அவர், பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். தமிழறிந்த மாணாக்கரையும் உதவியாளரையும் துணைக்கொண்டு உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் ஆகிய துறை நூல்களைத் தமிழாக்கினார். மோன்செல் என்பாரின் மகப்பேற்று நூல் 1857இல் 'பிரசவ வைத்தியம்' என்னும் பெயரில் வெளிவந்தது. 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் பணி ஓயவில்லை. 'மனுஷ சுகரணம்' என்னும் உடலியல் நூல் 1883இல் அச்சேறியது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

அவர்தம் நடை வடசொல் மிகுந்தது. அங்காதிபாதம், சுகரணம் முதலிய சொற்கள் இன்று வழக்கில் இல்லை. ஆயினும் தமிழால் மருத்துவம் கற்பித்தல் இயலுமா என்னும் வினாவிற்கு அவர் விடையாக வைத்தது வாதமன்று. அச்சிட்ட நூல்களும் அவற்றைப் பயின்று ஊர்களில் மருத்துவம் பார்த்த மாணாக்கருமே.

கவிஞர் ஒருவரின் பங்கு

20ஆம் நூற்றாண்டில் இப்பணியைத் தொடர்ந்தோருள் கவிஞர்கள் நினைக்க வேண்டியவர் பெரியசாமித் தூரன். 1908இல் பிறந்த இவரைக் கீர்த்தனை ஆசிரியராக இசையுலகம் அறியும். பாரதியின் எழுத்துகளைத் தேடித் தொகுத்தவராக இலக்கிய உலகம் அறியும். 'பாரம்பரியம்', 'கருவில் வளரும் குழந்தை' என்னும் நூல்களை இயற்றியவரும் அவரே என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. தி.சு. அவினாசிலிங்கம் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்திற்குத் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியரானார். அதன் பத்துத் தொகுதிகளும் 1954 முதல் 1968 வரை வெளிவந்தன.

அப்பணி நடந்த காலமும் நோக்கத்தக்கது. மரபுப் பொருளின் இரட்டைச் சுருள் வடிவம் 1953இல்தான் வெளிப்பட்டது. மனித உயிரணுவில் குரோமோசோம்கள் 48 என்று உலகெங்கும் பாடநூல்கள் கூறிவந்தன. அவை 46 என்று 1956இல் நிறுவப்பெற்றது. அறிவு மாறிக்கொண்டிருந்த வேளையில் அதற்குத் தமிழ்ச் சொல்லும் தேட வேண்டியிருந்தது.

மரபியல்: பழஞ்சொல் பெற்ற புதுப்பொருள்

தூரன் தம் நூலுக்குப் 'பாரம்பரியம்' என்று பெயரிட்டார். பின்னர்த் தமிழகத்தில் 'மரபு' நிலைபெற்றது. மரபணு, மரபியல் என்னும் சொற்கள் கிளைத்தன. இலங்கைத் தமிழர் பரம்பரையலகு, நிறமூர்த்தம் என வழங்குவர்.

மரபியல் என்பது தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலின் பெயர். உயிர்களின் இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் ஆகியவற்றைத் தொகுத்துரைப்பதும், ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வகுப்பதும் அவ்வியலே. அங்கு மரபு என்பது சொல் வழங்கிவரும் முறை. இங்கு மரபு என்பது உடற்கூறு வழிவழி வரும் முறை. இரண்டும் முன்னோரிடமிருந்து பெறப்படுவன. பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் கண்ட விதிகள் 1866இல் அச்சாகி, 1900 வரை கவனிப்பாரின்றிக் கிடந்தன. நெட்டையும் குட்டையும் கலந்து பிறந்த முதல் தலைமுறையில் குட்டை மறைந்தது. அடுத்த தலைமுறையில் நான்கில் ஒரு பங்காய் மீண்டது. தாத்தாவின் சாயல் பெயரனிடம் தோன்றுவதை வியக்கும் நம் வீடுகளுக்கு இக்கருத்து அயலானதன்று.

சொல் சென்று சேரவேண்டிய இடம்

எனினும் சென்று சேராத செய்தி ஒன்று உண்டு. தாயின் கருமுட்டை எப்போதும் எக்ஸ் குரோமோசோமையே தரும். தந்தையின் விந்தணு எக்ஸ் அல்லது ஒய் தரும். குழந்தை ஆணா பெண்ணா என்பது அதனால் அமைகிறது. பால் நிர்ணயத்தில் இவற்றின் பங்கு 1905இலேயே விளங்கியது. கண்டறிந்தோருள் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் பெண்மணியும் ஒருவர். ஆயினும் பெண்மகவு ஈன்றாள் எனத் தாயைப் பழிக்கும் வழக்கம் அதன்பின்னும் நீடித்தது. பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்தது. கருவிலேயே பால் அறிந்து அழிப்பதைத் தடுக்க 1994இல் நடுவணரசு சட்டம் இயற்றியது. பழிக்கு அடிப்படை இல்லை என அறிவியல் கூறி ஏறத்தாழ 90 ஆண்டுகள் சென்றபின் இவை தேவைப்பட்டன.

இன்று கலைச்சொற்களுக்குக் குறைவில்லை. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் குணபாடம், நோய்நாடல் எனத் துறைப்பெயர்களே தமிழில் திகழ்கின்றன. மருத்துவப் பெருநூல்கள் சிலவும் தமிழாக்கம் பெற்றுள்ளன. பாடநூலில் இடம்பெற்ற சொல் மாமியார் மருமகள் பேச்சிலும், தாலாட்டிலும், வளைகாப்புப் பாட்டிலும் புகும்போதே பழி நீங்கும். அப்பணி அறிஞர் குழுவால் மட்டும் முடிவதன்று. பாட்டிசைப்போர்க்கும் அதில் பங்குண்டு. கீர்த்தனை எழுதிய கையால் கருவளர்ச்சியையும் எழுதிய தூரன் அதற்கு நல்லதொரு முன்னோடி.